தலையெழுத்தும் தலை ஸ்கேனும்

போன மாதம் ஒரு ஞாயிற்றுக்கிழமை காலை. ஐந்தோவனில் வழக்கம்போல மழை. காபியோடு உட்கார்ந்தால் ஒக்கலிபுரத்திலிருந்து அக்கா போன். பெரியப்பா மகள், என்னைவிட ஆறு வயது மூத்தவள். நலம் விசாரிப்பெல்லாம் முடிந்ததும் குரலைத் தாழ்த்திக்கொண்டு கேட்டாள்:

"டேய், நீ அந்த ஸ்கேன் மெஷின் கம்பெனிலதானே இருக்க? தலைய ஸ்கேன் பண்ணா, அப்பாவுக்கு வந்தது என் பையனுக்கும் வருமான்னு முன்னாடியே தெரிஞ்சிடுமாமே? இங்க ஒரு சென்டர்ல பிரெய்ன் மேப்பிங்னு பதினெட்டாயிரம் கேக்கறாங்க. பண்ணிடட்டுமா?"

முதலிலேயே ஒன்றைச் சொல்லிவிடுகிறேன். நான் டாக்டர் இல்லை. எம்.ஆர்.ஐ. மெஷினுக்குள் ஓடுகிற மென்பொருளில் ஒரு மூலையைத் தேய்த்துக்கொண்டிருப்பவன், அவ்வளவுதான். ஆனால் சொந்தக்காரர்களுக்கு அதெல்லாம் கணக்கில்லை. மெஷின் கம்பெனியில் இருந்தால் பாதி டாக்டர் :-)

"ரெண்டு நாள் டைம் குடுக்கா" என்று சொல்லிவிட்டேன். ரெண்டு நாள் ரெண்டு வாரமாகி, படித்தது இந்தப் பதிவாகிவிட்டது. கொஞ்சம் நீளம்தான். பொறுத்துக்கொள்ளுங்கள். வெளிநாட்டில் இருக்கிற நம்மில் பலருக்கும் ஊரிலிருந்து இப்படி ஒரு போன் வந்திருக்கும், அல்லது வரும்.

*

ஒக்கலிபுரமும் ஹுச்சாஸ்பத்ரேயும்

பெங்களூர் தெரியாதவர்களுக்கு: ஒக்கலிபுரம் என்பது மெஜஸ்டிக்குக்குப் பின்னால், ரயில் தண்டவாளத்தை ஒட்டி இருக்கிற ஏரியா. ஒரு பக்கம் ஸ்ரீராமபுரம், ஒரு பக்கம் சேஷாத்ரிபுரம். மில்லுக்கும் ரயில்வேக்கும் வேலைக்கு வந்த தமிழ்க் குடும்பங்கள் நிறைய. பெரியப்பா பின்னி மில்லில் இருந்தார். வீட்டில் பேசுவது தமிழ், தெருவில் பாதி கன்னடம், திட்டுவது மட்டும் இரண்டிலும்.

மெட்ராஸ்காரர்கள் "கீழ்ப்பாக்கம் கேஸ்" என்று சொல்வதுபோல எங்களுக்கு "நிம்ஹான்ஸ் கேஸ்". பாட்டிகள் காலத்தில் அது 'ஹுச்சாஸ்பத்ரே', பைத்தியக்கார ஆஸ்பத்திரி. கிரிக்கெட்டில் கேட்ச் விட்டவனைக்கூட அப்படித்தான் கிண்டல் பண்ணுவோம். 1984ல் பெரியப்பாவையே அங்கே கூட்டிக்கொண்டு போக வேண்டி வந்தபோதுதான் நான் அந்த வார்த்தையைச் சொல்வதை நிறுத்தினேன்.

யாரோ மில்லில் தன்னைப் பற்றிப் பேசுகிறார்கள், ரேடியோவில் தன் பெயரைச் சொல்கிறார்கள் என்று பெரியப்பா ராத்திரி முழுக்கத் தூங்காமல் உட்கார்ந்திருப்பார். ஸ்கிசோஃப்ரினியா. தமிழில் மனச்சிதைவு நோய். பெரியம்மா அவரோடு ஆஸ்பத்திரியிலேயே ஆறு வாரம் தங்கினார். தெருவில் கேட்டவர்களிடம் "வேலூருக்குப் போயிருக்காங்க" என்றோம்.

அந்த ஆஸ்பத்திரியின் கதை பெரியது. 1847ல் தொடங்கிய பெங்களூர் பைத்தியக்கார விடுதி. 1925ல் மைசூர் அரசு அதற்கு 'மனநல மருத்துவமனை' என்று பெயர் மாற்றியது. 1954ல் பக்கத்திலேயே அகில இந்திய மனநலக் கழகம் வந்தது. 1974 டிசம்பர் 27ல் இரண்டையும் இணைத்துத்தான் நிம்ஹான்ஸ். அதனால்தான் அங்கே மனநோய், நரம்பு, மூளை ஆபரேஷன் எல்லாம் ஒரே வளாகத்தில் இருக்கிறது. 1995ல் மூளை வங்கி ஒன்றும் அமைத்தார்கள். அதை ஒட்டிய மியூசியத்தில் பொதுமக்களே மூளையைக் கையில் தொட்டுப் பார்க்கலாம்.

இந்த இடத்தை இவ்வளவு சொல்லக் காரணம் இருக்கிறது. அக்காவின் கேள்விக்குப் பதில், சுற்றிச் சுற்றி, இதே நிம்ஹான்ஸ் வாசலில்தான் கிடைக்கிறது.

*

மண்டையோட்டில் ஆரம்பித்த ஆசை

மண்டையோட்டில் வளைந்து வளைந்து போகும் இணைப்புக் கோடுகள்தான் பிரம்மா எழுதிய தலையெழுத்து என்று எங்கள் பாட்டி சொல்வார். ஒரு மனிதனின் தலையைப் பார்த்து அவன் யார், எப்படி ஆவான் என்று படித்துவிட வேண்டும் என்ற ஆசை நமக்கு மட்டும் இல்லை. வெள்ளைக்காரனுக்கும் இருந்தது. அவன் அதை 'விஞ்ஞானம்' என்றான்.

19ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில் ஐரோப்பாவில் ஃப்ரெனாலஜி என்று ஒன்று கொடிகட்டிப் பறந்தது. மண்டையின் மேடு பள்ளங்களைத் தடவிப் பார்த்தே குணத்தைச் சொல்லிவிடலாம் என்பார்கள். இங்கே மேடு இருந்தால் இரக்கம், அங்கே மேடு இருந்தால் கொலைவெறி. 1833ல் மத்திய இந்தியாவின் சாகர் நகரத்தில் தூக்கிலிடப்பட்ட 'தக்'குகள் ஏழு பேரின் மண்டையோடுகளை ஹென்றி ஸ்ப்ரை என்ற ஆங்கிலேய டாக்டர் எடின்பரோவில் இருந்த ஃப்ரெனாலஜி சங்கத்துக்கு அனுப்பிவைத்தார். பயணிகளைக் கழுத்தை நெரித்துக் கொன்றவர்கள் என்றால் அழிக்கும் குணத்துக்கான மேடு பெரிதாக இருக்க வேண்டுமல்லவா? அளந்து பார்த்தால் அந்த மேடு அப்படி ஒன்றும் தூக்கலாக இல்லை!

நியாயப்படி என்ன செய்திருக்க வேண்டும்? "நம் சாஸ்திரம் தப்பு" என்று மூட்டை கட்டியிருக்க வேண்டும். அப்படிச் செய்யவில்லை. மற்ற மேடுகளையும், வளர்ந்த சூழ்நிலையையும் சேர்த்து ஒரு விளக்கம் கொடுத்துச் சாஸ்திரத்தைக் காப்பாற்றிக்கொண்டார்கள். கொலைகாரன் என்று முதலிலேயே தெரியும், மண்டையோடு பிறகு வந்தது. விடை தெரிந்த பிறகு கணக்கைச் சரிசெய்வது எளிது. இந்த வரியை நினைவில் வைத்துக்கொள்ளுங்கள், பின்னால் திரும்ப வரும்.

அடுத்து நம்ம ஊர். எட்கர் தர்ஸ்டன், 1885 முதல் 1908 வரை மெட்ராஸ் அரசு அருங்காட்சியகத்தின் கண்காணிப்பாளர். தென்னிந்தியா முழுக்கப் போய்த் தலையின் நீளம் அகலம், மூக்கின் நீளம் அகலம் எல்லாவற்றையும் அளவுக்கருவி வைத்து அளந்தவர். 1909ல் கே. ரங்காச்சாரியின் துணையோடு தென்னிந்தியச் சாதிகள், பழங்குடிகள் பற்றி ஏழு தொகுதிகள் வெளியிட்டார். வயநாட்டுப் பணியர் பெண்கள் அவர் கருவிகளைப் பார்த்து, தங்களில் நல்ல சிலரைப் பிடித்துப் பாடம் பண்ணி மியூசியத்தில் வைத்துவிடுவார் என்று பயந்தார்களாம். அவரே எழுதியிருக்கிறார். சிரிப்பு வருகிறது, ஆனால் அந்தப் பெண்கள் விஷயத்தைச் சரியாகத்தான் புரிந்துகொண்டார்கள் என்று எனக்குத் தோன்றுகிறது. ஒரு ஆளை அளந்து, அவரை ஒரு கூட்டத்தின் மாதிரியாக ஆக்குவதும் ஒருவகையில் பாடம் பண்ணுவதுதானே?

*

கைரேகை சொன்ன பாடம்

அதே காலத்தில் இன்னொரு அளவை நிஜமாகவே ஜெயித்தது. கைரேகை. 1858ல் வங்காளத்தில் வில்லியம் ஹெர்ஷெல் ஒப்பந்தத்தில் ஒருவரின் கைப்பதிவை வாங்கினார். 1897ல் கல்கத்தாவில் கைரேகை அலுவலகமே வந்துவிட்டது. அங்கே வகைப்படுத்தும் முறையை உருவாக்க உழைத்தவர்கள் அஜீஸுல் ஹக், ஹேமசந்திர போஸ் என்ற இரண்டு இந்தியர்கள். பெயர் கிடைத்தது மட்டும் மேலதிகாரி எட்வர்ட் ஹென்றிக்கு. (இது இன்றைக்கும் ஐடி கம்பெனிகளில் நடப்பதுதான்!)

இதில் சுவாரசியமானவர் பிரான்சிஸ் கால்ட்டன். 1892ல் கைரேகை பற்றிப் புத்தகம் போட்டவர். ரேகையை வைத்து இனம், குணம், அறிவு எல்லாம் கண்டுபிடிக்கலாம் என்ற ஆசையோடுதான் தொடங்கினார். ஆனால் பார்த்த இடத்திலெல்லாம் ஒன்றும் கிடைக்கவில்லை. கிடைக்கவில்லை என்று எழுதியும் வைத்தார்.

அதாவது கைரேகை 'இவர் யார்' என்று சொல்லும். 'இவர் எப்படிப்பட்டவர்' என்று சொல்லாது. 130 வருடத்துக்கு முன்பே முடிந்துபோன விஷயம். இருந்தும் இன்று நம்ம ஊர்ப் பள்ளிகளில் குழந்தையின் பத்து விரல் ரேகையை எடுத்து, மூளையின் பிறவித் திறமை இது, இவன் இன்ஜினீயர் ஆவான், இவள் டான்சர் ஆவாள் என்று ரிப்போர்ட் கொடுக்கும் வியாபாரம் நடக்கிறது. கால்ட்டன் இருந்திருந்தால் தலையில் அடித்துக்கொண்டிருப்பார்.

*

தொப்பி போட்டால் உண்மை வருமா?

சரி, மண்டைக்கு வெளியே போதும். உள்ளே போவோம். 1924ல் ஜெர்மனியில் ஹான்ஸ் பெர்கர் மனித மூளையின் மின் அலைகளை முதன்முதலாகப் பதிவு செய்தார், 1929ல் வெளியிட்டார். அதுதான் ஈ.ஈ.ஜி. 1965ல் இன்னொரு கண்டுபிடிப்பு: எதிர்பாராத, முக்கியமான ஒன்றைப் பார்த்தாலோ கேட்டாலோ சுமார் 300 மில்லிவினாடியில் மூளை அலையில் ஒரு மேடு எழும். இதைப் 'பி300' என்கிறார்கள். 1980களின் கடைசியில் அமெரிக்காவில் லாரன்ஸ் ஃபார்வெல் போன்றவர்கள் இதைப் பிடித்துக்கொண்டார்கள். குற்றம் நடந்த இடத்தின் படத்தைக் காட்டினால் குற்றவாளியின் மூளை அலை மட்டும் துள்ளும் அல்லவா?

இங்கேதான் பெங்களூர் உள்ளே வருகிறது. நிம்ஹான்ஸில் கிளினிக்கல் சைக்காலஜி துறைத் தலைவராக இருந்த சம்பாடி ராமன் முகுந்தன், இன்னும் ஒரு படி மேலே போனார். அவர் உருவாக்கிய முறையின் பெயர் சுருக்கமாக 'பியாஸ்'. மின்முனைகள் பொருத்திய தொப்பியைச் சந்தேக நபரின் தலையில் மாட்டி, கண்ணை மூடி உட்காரவைப்பார்கள். அவர் வாய் திறக்க வேண்டாம். "நான் கடைக்குப் போனேன்", "நான் விஷம் வாங்கினேன்" என்று தன்மையில் வாக்கியங்கள் ஒலிக்கும். ஒரு விஷயத்தைக் கேள்விப்பட்டு அறிந்தவரையும், அதைத் தானே அனுபவித்தவரையும் மூளை அலையிலிருந்து கம்ப்யூட்டர் பிரித்துச் சொல்லிவிடும் என்பது கோரிக்கை.

யோசித்துப் பாருங்கள். பேசாமல் உட்கார்ந்திருக்கும் ஒரு தனி மனிதரின் மூளையைப் பார்த்து 'இதை நீ செய்தாய்' என்று சொல்வது! 2008 ஜூனில் புனே நீதிமன்றம் ஒன்று, முன்னாள் காதலரை விஷம் வைத்துக் கொன்றதாக ஒரு எம்.பி.ஏ. மாணவிக்கு ஆயுள் தண்டனை கொடுத்தது. தீர்ப்பில் இந்தச் சோதனையின் முடிவும் ஒரு ஆதாரம். உலகப் பத்திரிகைகள் எல்லாம் திரும்பிப் பார்த்தன. (பிறகு மும்பை உயர்நீதிமன்றம் அவருக்கு ஜாமீன் கொடுத்தது.)

என்ன பிரச்சினை? நம் ஞாபகம் கேமரா இல்லை. பலமுறை கேட்டது, பயத்தோடு கற்பனை செய்தது எல்லாம் நிஜமாக நடந்ததுபோல ஒட்டிக்கொள்ளும். போலீஸ் பத்து நாள் "நீதானே வாங்கினாய்" என்று உலுக்கி எடுத்த பிறகு அந்த வாக்கியத்தைக் கேட்டால் யாருடைய மூளைதான் சும்மா இருக்கும்? வெளியில் இருக்கிற ஆராய்ச்சியாளர்கள் செய்து சரிபார்க்கும் அளவுக்குச் சான்றுகள் இல்லை என்பது இன்னொரு பெரிய குறை. தக்குகளின் மண்டையோட்டுக் கதைதான் மறுபடியும். போலீஸ் கையில் விடை முதலிலேயே இருக்கிறது, சோதனை பின்னால் வருகிறது.

இப்போது திருப்பம். இந்த முறை சரியா என்று பார்க்க ஆறு பேர் கொண்ட நிபுணர் குழு ஒன்று அமைந்தது. தலைவர் யார் தெரியுமா? அப்போதைய நிம்ஹான்ஸ் இயக்குநர் டாக்டர் டி. நாகராஜா. எந்த நிறுவனத்தில் வேலை பார்த்தவர் இந்த முறையை உருவாக்கினாரோ, அதே நிறுவனத்தின் தலைவர்! 2008ல் குழு சொன்னது: இந்தச் சோதனைகளுக்கு விஞ்ஞான அடிப்படை போதாது, நீதிமன்றத்தில் ஆதாரமாகப் பயன்படுத்தக் கூடாது.

எனக்கு நிம்ஹான்ஸ் மீது மரியாதை கூடியது இதைப் படித்தபோதுதான். நம் வீட்டுப் பிள்ளை செய்ததை நாமே 'இது சரியில்லை' என்று சொல்வது எவ்வளவு கஷ்டம்!

அடுத்து 2010 மே 5. உச்சநீதிமன்றத்தில் 'செல்வி எதிர் கர்நாடக அரசு' தீர்ப்பு. 2004லிருந்து வந்து குவிந்த மனுக்கள். முதல் மனுதாரரின் பெயர் அது. நார்கோ, பாலிகிராஃப், மூளை அலைச் சோதனை மூன்றையும் ஒருவரின் சம்மதமில்லாமல் செய்யக் கூடாது என்று தலைமை நீதிபதி கே.ஜி. பாலகிருஷ்ணன் உள்ளிட்ட மூன்று நீதிபதிகள் சொன்னார்கள். தனக்கெதிராகத் தானே சாட்சி சொல்ல யாரையும் கட்டாயப்படுத்தக் கூடாது என்கிற அரசியல் சட்டம் 20(3) பிரிவு, வாய்க்கு மட்டுமல்ல, மூளைக்கும் பொருந்தும் என்பதுதான் சாராம்சம். சம்மதத்தோடு செய்தாலும் அந்த முடிவே ஆதாரம் ஆகாது. அதன் வழியாகக் கிடைக்கும் பொருளோ தகவலோ மட்டும் ஆதாரமாகலாம். 2025 ஜூனில் ஒரு பீகார் வழக்கிலும் உச்சநீதிமன்றம் இதையே திரும்பவும் உறுதி செய்தது. நம் மண்டைக்குள் இருப்பது நம்முடையது. அந்த வகையில் செல்வி என்ற பெயருக்கு நாம் எல்லோரும் கடன்பட்டிருக்கிறோம்.

*

சராசரி வேறு, அக்கா பையன் வேறு

இப்போது அக்காவின் கேள்விக்கு வருகிறேன். குற்றத்தை விடுங்கள், நோயைச் சொல்லுமா ஸ்கேன்?

1976ல் இங்கிலாந்தில் ஈவ் ஜான்ஸ்டன், டிம் குரோ குழு, அப்போது புதிதாக வந்திருந்த சி.டி. ஸ்கேனில், நீண்டநாள் ஸ்கிசோஃப்ரினியா நோயாளிகள் 17 பேரைப் பார்த்தது. மூளைக்குள் திரவம் இருக்கும் அறைகள் அவர்களுக்குச் சராசரியாகப் பெரிதாக இருந்தன. பெரிய செய்தி! இது பிசாசும் இல்லை, செய்வினையும் இல்லை, வளர்ப்பில் தப்பும் இல்லை, உடம்பில் இருக்கிற விஷயம் என்பதற்கு ஒரு கண்ணால் காணும் சாட்சி. எங்கள் வீட்டில் அது அன்று தெரிந்திருந்தால் பெரியம்மா எத்தனை கோயிலுக்கு நடந்திருக்க வேண்டாம்...

ஆனால் 'சராசரியாக' என்ற வார்த்தையைக் கவனியுங்கள். 2016ல் பல நாடுகளைச் சேர்த்த எனிக்மா கூட்டமைப்பு 2,028 நோயாளிகளையும் 2,540 நோயில்லாதவர்களையும் ஒப்பிட்டது. மூளையின் ஆழத்தில் இருக்கும் பகுதிகளில் அதிக வித்தியாசம் இருந்தது ஹிப்போகேம்பஸ் என்ற பகுதியில். நோயாளிகளுக்குச் சராசரியாகச் சிறியது. எவ்வளவு சிறியது? அவர்கள் சொன்ன அளவை வைத்து நான் கணக்குப் போட்டுப் பார்த்தேன். இரண்டு கூட்டத்தையும் வரைபடமாகப் போட்டால் ஐந்தில் நாலு பங்கு ஒன்றின்மேல் ஒன்று விழுகிறது. ஒரு நோயாளியையும் ஒரு நோயில்லாதவரையும் கண்ணை மூடி எடுத்து, 'எவருக்குச் சிறியதோ அவர்தான் நோயாளி' என்று சொன்னால் 100ல் 63 தடவை சரியாக வரும். நாணயம் சுண்டினாலே 50 தடவை சரி!

கடையில் பத்தாயிரம் சட்டை விற்கிறவருக்குச் சராசரி மார்பளவு தெரிந்தால் போதும். உங்களுக்கு ஒரு சட்டை தைக்கிற டெய்லருக்குச் சராசரி எதற்கு?

"இன்னும் நல்ல சோதனை வந்தால்?" என்று கேட்பீர்கள். சரி, 80 சதவீதம் சரியாகச் சொல்லும் ஒரு ஸ்கேன் இருப்பதாகவே வைத்துக்கொள்வோம். பொதுவாக இந்த நோய் 100ல் ஒருவருக்கு வரலாம். அம்மா அப்பாவில் ஒருவருக்கு இருந்தால் 100ல் 10 போல. தாத்தாவுக்கு இருந்தால் 100ல் 5 அல்லது அதற்கும் கீழே. அக்கா பையன் மாதிரி 1000 பேரை எடுங்கள். 5 சதவீதம் என்றே வைத்தால் நோய் வரப்போவது 50 பேருக்கு. அவர்களில் 40 பேரை ஸ்கேன் பிடிக்கும். வராத 950 பேரில் 20 சதவீதம், அதாவது 190 பேருக்கும் 'வரும்' என்று தப்பாகச் சொல்லும். மொத்தம் 230 பேர் வீட்டில் அழுகை. அதில் நிஜம் 40 மட்டும். மிச்சம் 190 பிள்ளைகள் ஒன்றுமே இல்லாமல் ஒரு ரிப்போர்ட்டைச் சுமந்துகொண்டு திரிவார்கள். நம்ம ஊரில் அந்த ரிப்போர்ட் கல்யாணச் சந்தை வரைக்கும் போகும் என்று சொல்லவா வேண்டும்?

ஆராய்ச்சிக்காரர்களே இதை ஒப்புக்கொண்டுவிட்டார்கள். 2022ல் நேச்சர் இதழில் வந்த ஒரு ஆய்வு, சுமார் 50,000 பேரின் ஸ்கேன்களை வைத்து ஆராய்ந்தது. தனி மனித அறிவுத்திறன், மனநலம் ஆகியவற்றுக்கும் மூளைப் படத்துக்கும் உள்ள தொடர்பு மிக மிகச் சிறியது, அதைக் கண்டுபிடிக்கவே ஆயிரக்கணக்கான ஆட்கள் வேண்டும் என்றார்கள். அதுவரை வந்த ஆய்வுகள் பலவற்றில் இருந்தது 25 பேர் அளவில்!

இன்னொரு கதையும் சொல்ல வேண்டும். 2009ல் அமெரிக்காவில் செத்துப்போன சால்மன் மீன் ஒன்றை ஸ்கேனருக்குள் வைத்து, மனிதர்களின் படங்களைக் 'காட்டி'னார்கள். கணக்கில் கவனம் இல்லாவிட்டால் மீனின் மூளையும் யோசிப்பதுபோல வண்ணப் புள்ளிகள் தெரியும் என்று நிரூபிக்கத்தான். குழம்பில் போட வேண்டிய மீன் விஞ்ஞானத்துக்குச் செய்த தொண்டு :-)

ஆனால் 2015ல் வந்த இன்னொரு ஆய்வு வேறு மாதிரி. 126 பேரின் மூளைப் பகுதிகள் ஒன்றோடொன்று சேர்ந்து துடிக்கும் விதத்தைப் பதிவு செய்து, வேறொரு நாள் எடுத்த ஸ்கேனோடு ஒப்பிட்டு, இது இன்னாருடையது என்று 90 சதவீதத்துக்கு மேல் சரியாகச் சொன்னார்கள். அதாவது ஒவ்வொருவர் மூளையும் கைரேகை மாதிரி தனித்தன்மை உள்ளது. பார்த்தீர்களா, கால்ட்டன் திரும்ப வந்துவிட்டார். 'யார்' என்பது தெரிகிறது. 'என்ன ஆவார்' என்பது இன்னும் கைக்கு வரவில்லை.

*

யாருடைய மூளை அளவுகோல்?

என் வேலையோடு சம்பந்தப்பட்ட ஒரு விஷயம். ஒருவர் மூளையை அளக்க ஒரு மாதிரி மூளை வேண்டும். 1988ல் வெளிவந்து பல வருடம் உலகமே பயன்படுத்திய தலராக் வரைபடம், 60 வயது பிரெஞ்சுப் பெண்மணி ஒருவரின் மூளையை வைத்துச் செய்தது. பிறகு வந்தது மான்ட்ரியால் மாதிரி, கனடாவில் எடுத்த ஸ்கேன்களின் சராசரி. 2019ல் ஹைதராபாத் ஐ.ஐ.ஐ.டி.யின் ஜெயந்தி சிவசாமி குழு, திருவனந்தபுரம் ஸ்ரீ சித்திரை திருநாள் நிறுவனத்தோடு சேர்ந்து, 50 ஆண்கள் 50 பெண்களை வைத்து இந்திய மூளை வரைபடம் போட்டது. சராசரியில் நம் மூளையின் நீள அகல உயரங்கள் மேற்கத்திய மாதிரியைவிடக் கொஞ்சம் சிறியவை. (அறிவுக்கும் இதற்கும் சம்பந்தமில்லை, உடனே சண்டைக்கு வராதீர்கள்!) ஆனால் அந்நிய அளவுகோலை வைத்து 'உன் மூளை சுருங்கியிருக்கிறது' என்று நம்ம ஊர்ப் பெரியவருக்கு ரிப்போர்ட் கொடுத்தால் என்ன ஆகும் என்று யோசியுங்கள்.

இதைச் சரிசெய்யும் நிஜ வேலை பெங்களூரிலேயே நடக்கிறது என்பதுதான் சந்தோஷம். ஒரே குடும்பத்தில் பலருக்கு மனநோய் இருக்கும் வீடுகளை நிம்ஹான்ஸும் மற்ற பெங்களூர் ஆய்வு நிறுவனங்களும் 2016லிருந்து வருடக்கணக்கில் பின்தொடர்கின்றன. இந்திய அறிவியல் கழக வளாகத்தில் உள்ள மூளை ஆய்வு மையம், கோலார் மாவட்டம் ஸ்ரீனிவாசபுரத்துக் கிராமத்துப் பெரியவர்களை, 10,000 பேரை இலக்காக வைத்து, மறதி நோய்க்காக ஆராய்கிறது. ஒரே நாளில் ரிப்போர்ட் கொடுக்கும் வேலை இல்லை இது. பத்துப் பதினைந்து வருடம் காத்திருந்து, யாருக்கு என்ன வந்தது என்று பார்த்து, பிறகு முதலில் எடுத்த ஸ்கேனைத் திருப்பிப் பார்க்கும் வேலை. ஜோசியத்துக்கும் விஞ்ஞானத்துக்கும் உள்ள வித்தியாசம் அந்தப் பொறுமைதான்.

*

அக்காவிடம் சொன்னது

ரெண்டு வாரம் கழித்து போன் பண்ணினேன். பதினெட்டாயிரம் வேண்டாம் என்றேன். ஸ்கேன் வீண் என்று சொல்லவில்லை. கட்டி, ரத்தக்கசிவு, வலிப்பு என்று டாக்டர் சந்தேகப்பட்டால் ஸ்கேன் உயிர் காக்கும். ஆனால் நல்லா இருக்கிற பிள்ளையின் எதிர்காலத்தைச் சொல்ல அது இன்னும் கற்றுக்கொள்ளவில்லை.

"அப்ப எதுக்குடா பயமா இருக்கு?" என்றாள். பிறகு மெதுவாக விஷயம் வந்தது. பையனுக்குப் பதினேழு. பரீட்சைக்குப் பிறகு கதவைச் சாத்திக்கொண்டே இருக்கிறான். சரியாகத் தூங்குவதில்லை. நண்பர்கள் தன்னைப் பற்றித்தான் பேசுகிறார்கள் என்று ஒருமுறை சொன்னான்.

அக்கா கேட்டது ஸ்கேனைப் பற்றி. ஆனால் கேட்க வேண்டிய கேள்வி இதுதான். டாக்டர்கள் பார்ப்பதும் இதைத்தான்: தூக்கம், பேச்சு, பழக்கம், படிப்பில் சறுக்கல், சந்தேகம். வயசுக் கோளாறாகவும் இருக்கலாம், மன அழுத்தமாகவும் இருக்கலாம், ஆரம்பமாகவும் இருக்கலாம். எதுவானாலும் சீக்கிரம் பேசினால் நல்லது. மெஷின் வேண்டாம், ஒரு மனிதர் எதிரில் உட்கார்ந்து கேட்டால் போதும். டெலி மானஸ் என்று 2022ல் தொடங்கிய இலவச உதவி எண் 14416 இருக்கிறது, தமிழிலும் பேசலாம், அதை ஒருங்கிணைப்பதும் நிம்ஹான்ஸ்தான் என்று சொன்னேன்.

அக்கா கொஞ்ச நேரம் பேசவில்லை. பிறகு, "மறுபடியும் அதே கேட்டுக்குள்ள போகணுமாடா?" என்றாள்.

அதற்கு என்னிடம் பதில் இல்லை. என் கல்யாணத்தின்போது பெண் வீட்டார் வந்த அன்று பெரியப்பா 'ஊருக்குப் போயிருக்கிறார்' என்று சொன்னவர்களில் நானும் ஒருவன். அவர் பின் அறையில்தான் இருந்தார். என் மனைவிக்கே ரொம்ப வருடம் கழித்துத்தான் சொன்னேன். இதைப் பொதுவில் எழுதுவதும் இதுதான் முதல் தடவை.

பெரியப்பா 2011ல் காலமானார். மாத்திரையோடு 27 வருடம் வாழ்ந்தார். மில்லுக்குத் திரும்பிப் போனார். ஒக்கலிபுரம் தண்டவாளத்தில் போகும் எந்த ரயிலையும் சத்தத்தை வைத்தே பெயர், நம்பர், எத்தனை நிமிடம் லேட் என்று சொல்வார். தெருப் பிள்ளைகள் எல்லாம் அவரிடம் பந்தயம் கட்டித் தோற்போம். 1984ல் அவர் தலையை எந்த மெஷினில் வைத்திருந்தாலும், நோய் ஒருவேளை தெரிந்திருக்கலாம். இந்த 27 வருடம் தெரிந்திருக்காது.

போன வாரம் அக்கா பையனைக் கூட்டிக்கொண்டு போய்விட்டு வந்தாள். டாக்டரம்மா அவனோடு தனியாக முக்கால் மணி நேரம் பேசினாராம். ஸ்கேன் எதுவும் எழுதவில்லை. அடுத்த மாதம் வரச் சொல்லியிருக்கிறார். தெருவில் யாரோ "எங்க போய்ட்டு வர்றீங்க?" என்று கேட்டார்களாம்.

"நிம்ஹான்ஸுக்குன்னு சொல்லிட்டேன்டா" என்றாள்.

உங்கள் வீட்டிலும் இப்படி ஒரு 'வேலூருக்குப் போயிருக்காங்க' கதை இருந்தால், பெயர் போடாமலாவது பின்னூட்டத்தில் எழுதுங்கள். படிக்கிற இன்னொருவருக்குத் தைரியம் வரும்.